தொண்ணூற்றோராம் உறுப்புரை

தர்மபுரம்,
கிளிநொச்சி.
09.02.2025

அன்புள்ள தம்பி கிருசாந்தனுக்கு,

சுகம் விசாரிக்கிற கடிதமல்ல இது. என்றாலும் நீயும் பிரியந்தினியும் பிள்ளை யதுர்ஷிகாவும் அங்கே சுகமாயிருக்க முறிகண்டிப் பிள்ளையார் துணையிருப்பார். போனில் சொன்னால் நீ குறுக்கே புகுந்து கதைப்பாய். கடிதத்துக்குள் உன்னால் புக முடியாது, அதுதான் எழுதுகிறேன்.

காலபோக நெல் ஒருவழியாக வெட்டியாயிற்று. கடைசி மழைக்கு மேற்கு வயல் சாய்ந்து, மிஷின் இறங்கவில்லை. கையால் வெட்ட ஆள் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் குடியியற் கல்வி இன்னமும் நான்தான் படிப்பிக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை பிரியந்தினி போன் எடுத்து அழுதாள். நீ கனடாப் பிரஜாவுரிமையை விடப் படிவம் நிரப்பி வைத்திருக்கிறாயாம், கையெழுத்து மட்டும்தான் மிச்சமாம். மச்சாள், நீங்கள் சொன்னால்தான் அவர் கேப்பார், நானும் பிள்ளையும் இஞ்சதான் இருக்கப்போறம் என்றாள். இரட்டைப் பிரஜாவுரிமைக்காரர் பாராளுமன்றத் தேர்தலில் நிற்கக் கூடாது என்பதால்தானே உனக்கு இந்த யோசனை?

என் அரசியலமைப்புப் புத்தகம் உனக்குத் தெரியும். ஒவ்வொரு திருத்தம் வரும்போதும் மாறிய வரியைத் தாளில் எழுதிப் பழைய வரியின் மேல் ஒட்டுவேன். யார் பாராளுமன்றத்துக்கு நிற்க முடியாது என்று சொல்கிற தொண்ணூற்றோராம் உறுப்புரை இருக்கிற பக்கம் இப்போது அப்பளம் மாதிரிப் பொருமிக் கிடக்கிறது. 2015இல் பத்தொன்பதாம் திருத்தம் வந்து உன்னைப் போன்றவர்கள் நிற்க முடியாது என்றது. 2020இல் இருபதாம் திருத்தம் நிற்கலாம் என்றது. 2022இல் இருபத்தோராம் திருத்தம் திரும்பவும் முடியாது என்றது. சில உறுப்புரைகளை மாற்றச் சனத்திடமும் வாக்குக் கேட்கவேண்டும். இதற்கு அது தேவையில்லை, பாராளுமன்றத்தில் இருக்கிற இருநூற்று இருபத்தைந்து பேரில் நூற்றைம்பது பேர் ஓம் என்றால் போதும். இப்போது முழுதாகவே புதிய அரசியல் யாப்பு வரும் என்றும் கதைக்கிறார்கள். வரட்டும், நான் வேறு புத்தகம் வாங்குவேன். ஆனால் நீ விடுகிற பிரஜாவுரிமையின் மேல் தாள் ஒட்ட ஏலாதடா!

குற்றம் உன்னுடையதல்ல. இருபதாம் திருத்தம் வந்த கையோடு உனக்குப் போன் எடுத்து, இனி நீ நிக்கலாம், வாடா என்று துள்ளியவள் நான்தான். அதைக் கேட்டுத்தானே நீ ஓடியோடி இலங்கைப் பிரஜாவுரிமையைத் திரும்ப எடுத்தாய். ஊருக்கு ஒரு நல்ல ஆள் வேணும், குளத்துக்கு ஒரு குரல் வேணும் என்று எத்தனை நியாயம் சொன்னேன்! அத்தனையும் சாட்டுப்போக்கு. உன் அத்தான் தவறி அப்போது ஏழு மாதம். வீட்டில் ஒரு சொல் கதைக்க ஆளில்லை. உன்னை எம்பி ஆக்குவதல்ல, உன்னை இங்கே கூப்பிடுவதுதான் எனக்குத் தேவை. தம்பி, எனக்குத் தனிய இருக்கப் பயமாயிருக்கு என்று நேரே சொல்ல வெட்கப்பட்டேன். பிள்ளைகளுக்குச் சட்டம் படிப்பிக்கிற நான் செய்த வேலை இது.

அந்தப் படிவத்தைக் கிழித்துப்போடு. யதுர்ஷிகாவுக்கு இப்போதுதான் பன்னிரண்டு வயது, தகப்பன் பக்கத்தில் இருக்கவேண்டிய வயது. அவள் வளர்ந்த பிறகும் உனக்கு ஆசை இருந்தால் அப்போது யோசி. முதல் வாக்கு என்னுடையது.

முடிந்தால் ஆடி லீவுக்கு மூவரும் வாருங்கள். மூன்று கிழமை நின்றாலே போதும். எந்தக் கடவுச்சீட்டில் வந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

நீங்கள் மூவரும் எப்போதும் ஒரு வீட்டிலேயே இருந்து, ஒன்றாகச் சாப்பிட்டு, நல்லாயிருக்க வேண்டும். ஒருத்திக்கு மட்டும் உலை வைப்பது எப்படியென்று எனக்குத் தெரியும். அது பிரியந்தினிக்கு வேண்டாம்.

உன்மேல் உயிரான அக்கா,
சிவலட்சுமி