கோழிக்கு ஊற்றும் மருந்து எங்கள் குடிநீரில் கலப்பது பற்றி

அனுப்புநர்:
கறிக்கோழிப் பண்ணைத் தொழிலாளியின் மனைவி,
பண்ணைக் குடியிருப்பு, கடைசி அறை.

பெறுநர்:
கால்நடை மருத்துவ அதிகாரி அவர்கள்.

பொருள்: கோழிகளுக்கான மருந்தைக் குடிநீர்த் தொட்டியில் ஊற்றுவதை உடனே நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் மூத்த மகள் சிறுநீரகத் தொற்றால் மருத்துவமனையில் படுத்திருக்கிறாள். முதலில் கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரைக்குக் காய்ச்சல் கேட்கவில்லை. வார்டில் தண்ணீர் குடித்தவள், "அம்மா, இந்தத் தண்ணி இனிக்குது" என்றாள். நானும் குடித்துப் பார்த்தேன். வெறும் தண்ணீர்தான். பண்ணைத் தண்ணீர் கசக்கும் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. உடனே வார்டு டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னேன்.

பண்ணையில் மருந்து கலக்கத் தனியே ஒரு சிறு தொட்டி இருந்தது. அது ஓட்டையான பின், ஒரு கோழி தும்மினாலும் மேல்நிலைத் தொட்டியிலேயே என்ரோஃப்ளாக்சசினை ஊற்றச் சொல்கிறார் மேலாளர். ஊற்றுபவர் என் கணவர். எங்கள் குழாய்க்கும் அதே தொட்டிதான். கசக்கிறது என்று மேலாளரிடம் முறையிட்டதற்கு, "கோழியே பேசாம குடிக்குது, உங்களுக்கு என்ன?" என்றார். தேநீரில் சர்க்கரையைக் கூட்டிப் போட்டுப் பழகிவிட்டோம்.

கோழிக்கு ஊற்றுவதும் என் மகளுக்குக் கொடுத்த மாத்திரையும் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய குயினோலோன் மருந்துகள், அக்கா தங்கை மாதிரி என்று டாக்டரம்மா விளக்கினார். கிருமி பெருக வேண்டுமானால், முறுக்கிக் கிடக்கும் தன் மரபிழையைப் பிரிக்க வேண்டுமாம். அதற்கென்று உள்ள நொதி, இழையை வெட்டி, முறுக்கை எடுத்து, திரும்ப ஒட்டும். மருந்து அந்த நொதியை வெட்டிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். இழை ஒட்டாமல் சிதறிக் கிருமி சாகும். ஆனால் மருந்து சிறிது சிறிதாக நாள்தோறும் உள்ளே போனால், அதன் பிடிக்குச் சிக்காதபடி நொதி மாறிய கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருகுமாம். "இனிமே ஊசிதான், அதுக்காவது கேக்கணும்" என்றார்.

வேலை போனால் வீடும் போகும். இந்த மனு என் கணவருக்கே தெரியாது. ஆகவே எங்களைக் காட்டிக்கொடுக்காமல், வழக்கமான சோதனைக்கு வருவதுபோல் வந்து, தொட்டி நீரைப் பரிசோதித்து, எங்களுக்குத் தனித் தொட்டியும் குழாயும் போட உத்தரவிடுமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தயவுசெய்து தாமதிக்க வேண்டாம் ஐயா. என் சின்ன மகள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். சற்றுமுன் போனில், தண்ணீர் கசக்கிறதா என்று கேட்டேன். "இல்லம்மா, எப்பவும் போலத்தான் இருக்கு" என்றாள்.

பயத்துடனும் பணிவுடனும்,
(ஒப்பம்)
இரு பெண்களின் தாய்

நாள்: ஞாயிற்றுக்கிழமை
இடம்: மருத்துவமனை, பெண்கள் வார்டு