சுக்குக் கிடங்கில் தரம் பிரித்த இங்கிலீஷ்

இன்று காலை கடையில் கட்டிக்கொடுத்த சுக்குப் பொட்டலத்தைப் பிரித்தேன். தூசி மூக்கில் ஏறி நாலு தும்மல். ஐந்தாவது தும்மலுக்கு நீ வந்துவிட்டாய். மட்டாஞ்சேரி கிடங்கின் மாடி அறையில், டைப்ரைட்டருக்கு முன்னால், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே, அப்படியே.

எழுபதுகளின் கடைசி அது. உனக்கு டைப் அடிக்கும் வேலை, எனக்குக் கடிதங்களைக் கோப்பில் சேர்க்கும் வேலை. நீ கொச்சியிலேயே பிறந்து மலையாளப் பள்ளியில் படித்த தமிழ்ப் பெண். நான் கல்யாணமாகிக் கோவையிலிருந்து வந்தவள். மேனேஜர் சொல்லச் சொல்ல நீ அடிப்பாய்; சொந்தமாக இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதச் சொன்னால் நம் இருவருக்கும் முதல் வரியே ஓடாது.

கீழே முப்பது பெண்கள் நாள் முழுக்கச் சுக்கைத் தரம் பிரிப்பார்கள். முழுசு ஒரு குவியல், உடைசல் ஒரு குவியல், சொத்தை ஒரு குவியல். ஈரக்காற்று பட்டால் சரக்கு பூசணம் பிடிக்கும் என்று காயல் பக்கத்து ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள். உள்ளே ஒரே தூசி. அவர்களில் கதீஜாத்தாவின் இருமல் மாடிவரை கேட்கும். அந்த இருமலைக் காரணம் காட்டி, மாதம் முடிந்ததும் வேலைக்கு வரவேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். மேனேஜரிடம் போனால், "பம்பாய் ஆபீஸ்ல கேக்கணும்" என்று கையை விரித்தார். பம்பாய்க்கோ இங்கிலீஷ் மட்டும்தான் புரியும்.

"நாம எழுதுவோம்டீ" என்றாய். என்ன தைரியமோ!

எழுதினோம். ஊரிலிருந்து வரும் கடிதங்கள் எப்படித் தொடங்குமோ அப்படியே தொடங்கினோம்: இங்கே அனைவரும் நலம், தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமா? பிறகு மழை, அவர்களுடைய பெருந்தன்மை, ஜன்னல், மறுபடி மழை, சுக்கு. எல்லாம் ஒரே பத்தியில். மரியாதைக்காக இருமலையும் எத்தனை பேருக்கு என்ற கணக்கையும் கடைசியில் வைத்தோம். பத்து நாளில் பதில் வந்தது: அனைவரும் நலமென்று அறிந்து மகிழ்ச்சி.

எனக்கு அழுகை வந்தது. நீயோ சிரித்துச் சிரித்து மேசையில் சாய்ந்துவிட்டாய். பிறகு நம்மிடமிருந்த நகலை வரி வரியாகக் கத்திரித்துக் கீழே எடுத்துக்கொண்டு போனாய். சாப்பாட்டு நேரம். ஒவ்வொரு துண்டிலும் என்ன இருக்கிறது என்று மலையாளத்தில் சொல்லித் தரையில் பரப்பினாய். எதை எங்கே வைப்பது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். "நீ சும்மா இரு, அவங்க பறையட்டும், அவங்களே சொல்லட்டும்" என்றாய்.

கதீஜாத்தா குனிந்து பார்த்தாள். "என்றெ சும ஆத்யம் வெய்க்கு மோளே" என்று இருமல் துண்டை எடுத்து முதலில் வைத்தாள். எத்தனை பேர் இருமுகிறார்கள் என்ற துண்டையும் அவளே அதன் கீழே சேர்த்தாள். மூடிய ஜன்னலும் தூசியும் அடுத்த குவியல். வெயில் ஏறியபின் திறந்து, சாயங்கால ஈரத்துக்குமுன் மூடினால் சரக்குக்குக் கெடுதல் இல்லை என்பது மூன்றாவது. அது நாம் எழுதவே இல்லை. அங்கேதான் ஒருத்தி சொன்னாள். மழையும் பெருந்தன்மையும் மிஞ்சின. "இது சொத்தை" என்று அவற்றை ஓரமாகத் தள்ளினார்கள். இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாதவர்கள் நம் கடிதத்தை மூன்று பத்தியாக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த வரிசையிலேயே மறுபடி டைப் அடித்து அனுப்பினோம். பம்பாயிலிருந்து இரண்டே வரியில் உத்தரவு வந்தது: ஜன்னல்களைத் திறக்கவும், யாரையும் நிறுத்த வேண்டாம். ஆணி பிடுங்கிய அன்று நீ வேலையைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினாய். காயல் காற்று உள்ளே வந்தது. மாதம் முடிந்தது, கதீஜாத்தா மறுநாளும் வந்தாள். அதற்குப் பிறகும் பல வருஷம் வந்தாள்.

நீ கல்யாணமாகி ஏலூருக்குப் போனாய். நான் கடிதப் பிரிவுக்கு மாறினேன். இப்போது எங்கள் தெருவில் யாருக்கு இங்கிலீஷ் மனு வேண்டுமானாலும் என்னிடம்தான் வருகிறார்கள். போன வாரம்கூட வாய்க்கால் அடைப்புக்காக நாலு பெண்கள் வந்தார்கள். பேனாவை எடுக்குமுன், "உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு? அதை முதல்ல சொல்லுங்க" என்றேன். அதில் ஒரு சின்னப் பெண், அடுத்த மனுவைத் தானே எழுதப்போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். எழுதிவிடுவாள்.

உனக்கு எழுதும்போது மட்டும் எனக்கு அந்த ஒழுங்கு வரவில்லை. முதல் வரியில் வைத்திருக்க வேண்டியதை இங்கே கொண்டுவந்து வைக்கிறேன். போன மாதம் உன் மகள் போனில், நீ போய்விட்டாய் என்று சேதி சொன்னாள். அன்றிலிருந்து இங்கே நலமில்லை.