காய்ச்சலுக்கு ஊற்றிய தண்ணீர்

28 பிப்ரவரி 1979

இன்று விபூதிப் புதன். என் வீட்டுக்காரி சிட்டம்மாள் கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்தாள். நான் போகவில்லை. “இது வேதத்துல எங்க கீது?” என்று கேட்டேன். குழந்தையை என் மடியில் போட்டாள். “சோறு வடிக்கறது உன் வேதத்துல எங்க கீதுன்னு பாத்துச் சொல்லு. அதுவரிக்கும் அடுப்பு பத்தவைக்க மாட்டேன்” என்றாள்.

ராத்திரிக்கு பன்னும் டீயும்.

2 மார்ச்

எல்லாம் ஒரு பஞ்சரில் ஆரம்பித்தது. தை மாதம் காவாந்தண்டலத்தில் ஜெபக்கூட்டம் முடித்து வந்த பாஸ்டர் ராஜாராம், உத்திரமேரூர் பஜாரில் என் சைக்கிள் கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். நான் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தபோது, “பிரதர் சூசை, வேதத்துல இல்லாதது மனுஷன் கட்டளை” என்றார்.

யோசித்தேன். முப்பது வருஷமாகக் கோயிலில் முட்டி போட்டிருக்கிறேன், ஒரு நாளாவது வேதத்தை நானே பிரித்துப் படித்தேனா? சாமியார் வாசிப்பார், நாங்கள் எழுந்து நிற்போம், அவ்வளவுதான். இப்போது நானே படிக்கிறேன். யோவான் முடிந்தது. கடவுள் என்னிடமே நேராகப் பேசுகிற மாதிரி இருக்கிறது. இதை விளையாட்டாக எழுதவில்லை.

9 மார்ச்

குழந்தைக்கு மூன்றாவது மாதம். ஞானஸ்நானம் இல்லை, பெயரும் இல்லை. வெறும் ‘பாப்பா’தான்.

நான் சொல்வது: அவள் வளரட்டும், தானே விசுவாசிக்கட்டும், ஏரியில் முழுக்கு எடுக்கட்டும். பெயர் ரெபேக்காள். அவள் சொல்வது: அடுத்த முறை ஃபாதர் வரும்போது தலையில் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். பெயர் லூர்துமேரி.

“லூர்து வேதத்துல இல்ல” என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

“உன்னைக் கட்டிக்கத்தானேய்யா மாரியாத்தாவை வுட்டுட்டு வந்தேன்? மூணு மாசம் உபதேசியார் வூட்டுல ஒக்காந்துக்கினு அத்தினி ஜெபத்தையும் மனப்பாடம் பண்ணேன். எங்கம்மா இன்னும் எங்கூடப் பேசல. இப்ப நீ வந்து அதெல்லாம் வேதத்துல இல்லன்றே. அப்ப நான் எதுக்கோசரம் வந்தேன்?”

பதிலுக்கு வசனம் தேடினேன். ஆமோஸ் வரைக்கும் போய்விட்டேன். கிடைக்கவில்லை.

10 மார்ச்

பேச்சு இல்லை. குழம்பில் உப்பும் இல்லை.

18 மார்ச்

ஃபாதர் மோட்டார் சைக்கிளில் வந்தார். சிட்டம்மாள் முதல் ஆளாகப் போய் என்னை மாட்டிவிட்டாள்.

“எது வேதம், எது இல்லைன்னு பிரிச்சு வெச்சதே திருச்சபைதானப்பா. அது கொடுத்த புத்தகத்தை வெச்சுக்கிட்டு அதையே கேள்வி கேக்கறியா?” என்றார்.

“அப்ப இத்தனை வருஷம் ஏன் ஃபாதர் எங்க கையில குடுக்கல?”

அவர் கிளம்பப் போனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தேன். இந்த வாதத்தில் ஜெயித்தது பிளக் மட்டும்தான்.

தகப்பன் சம்மதிக்காமல் குழந்தைக்கு ஊற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சிட்டம்மாள் முகம் சுருங்கிப்போனது. “உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் யார் வேணாலும் ஊத்தலாம்மா. அப்படி ஒண்ணும் வராது” என்று அவளைத் தேற்றினார்.

24 மார்ச்



காலையிலிருந்து பாப்பாவுக்கு நெருப்பாகக் காய்ச்சல். எங்கள் கிராமத்துக்கு வருகிற பஸ் வரவில்லை. சைக்கிள் கேரியரில் சிட்டம்மாளையும் குழந்தையையும் உட்காரவைத்து உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன். பாதி வழியில், பம்ப்செட் பக்கத்தில் அவள் கத்தினாள். திரும்பிப் பார்த்தால் குழந்தை விறைத்துப்போய், கண் மேலே சொருகி… ஐயோ, அந்தக் கண்.

வாய்க்காலில் இறங்கினேன். கையில் தண்ணீர் அள்ளினேன். நான்தான். சிட்டம்மாள் கேட்கவில்லை, சொல்லவில்லை. பெயர் ஒன்று வேண்டும். ரெபேக்காள் வரவில்லை, லூர்து வரவில்லை, சிட்டம்மாளை நான் கூப்பிடுகிற பெயர்தான் வந்தது. “சிட்டு, பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்.” பரிசுத்த ஆவிக்கு இஸ்பிரீத்து சாந்து என்று, சின்ன வயதில் ஞானோபதேசத்தில் படித்த பழைய வார்த்தைகள். மூன்று தரம் ஊற்றினேன். மூன்றாவது தரம் வீல் என்று அழுதாள் பாருங்கள் — ஆண்டவரே, அதைப்போல் ஒரு சத்தம் நான் கேட்டதில்லை.

காய்ச்சலில் வந்த இழுப்பாம். ஊசி போட்டார்கள். “தண்ணி ஊத்துனது நல்லதாப் போச்சு” என்றார் டாக்டர்.

25 மார்ச்

காய்ச்சல் இறங்கத்தான் ஊற்றினேன் என்று சிட்டம்மாளிடம் சொன்னேன்.

“காய்ச்சலுக்கு இன்னாத்துக்குய்யா இஸ்பிரீத்து சாந்து?”

1 ஏப்ரல்

பாஸ்டர் கடைக்கு வந்தார். பயத்தில் பண்ணினது, குழந்தைக்கு விசுவாசம் கிடையாது, அதனால் செல்லாது என்றார். சிட்டு என்ற பெயரும் வேதத்தில் இல்லை, மாற்றிவிடுங்கள் என்றார். நல்ல மனுஷர், என்னைத் தேற்றத்தான் சொன்னார். எனக்கோ எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததென்று தெரியவில்லை.

“செல்லாதுன்னு வேதத்துல எங்க ஐயா கீது?” என்றேன். பையிலிருந்து வேதத்தை எடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துக்கொண்டார். அவர் வண்டியின் பிரேக் கட்டையைக் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தேன்.

22 ஏப்ரல்

ஃபாதர் வந்தார். ஒரு தரம் ஊற்றியது போதும், திரும்ப ஊற்றக் கூடாது என்று எண்ணெய் மட்டும் பூசி, மெழுகுவர்த்தி கொடுத்தார். பெயரில் வந்துதான் முட்டிக்கொண்டார். சிட்டு என்று புனிதர் யாரும் கிடையாதாம், மாற்றச் சொன்னார். பாஸ்டரும் ஃபாதரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான். நான் வாயைத் திறப்பதற்குள், “அன்னிக்கு அவரு வாயில வந்த பேரு சாமி, நான் மாத்த மாட்டேன்” என்று சிட்டம்மாள் சொல்லிவிட்டாள். ஃபாதர் கூட ஒரு மேரியைச் சேர்த்துக்கொண்டு சமாதானமானார்.

சாயங்காலம் யோவானைச் சத்தமாகப் படித்தேன். அவள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே கேட்டாள். நடுவில் நிறுத்தினேன்.

“படிய்யா, நல்லாத்தான் கீது” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “சிட்டுன்ற பேரு வேதத்துல கீதா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“கோயில்ல?”

“அங்கயும் இல்ல.”

“பின்ன எங்கதான்யா கீது?”

“நான் பயந்தா என் வாயில கீது” என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் சின்னச் சிட்டு விழித்துக்கொண்டாள். அவளை என் மடியில் போட்டுவிட்டு, பெரிய சிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.