கவிழ்ந்த படகின் எதிர்ப்பக்கம்

என்ர அருமை மச்சான் அருளுக்கு,

நீ போய் எட்டு மாரி கழிந்துவிட்டது. இவ்வளவு காலமும் ஒரு வரி எழுதாதவன் இன்று ஏன் எழுதுகிறான் என்று கேட்பாய். மூன்று கிழமைக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குளத்தில் விழுந்தேன், மச்சான். தவறி அல்ல. வேண்டுமென்றே, ஒன்பது பேருக்கு முன்னால், ஆறு தரம் விழுந்தேன்.

வெளிநாடுகளில் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து ஐந்து கயாக் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். நீ பார்த்திருக்க மாட்டாய். நீட்டு வாழைமடல் மாதிரி ஒரு பிளாஸ்ரிக் படகு. அதன் மேலே இருந்து துடுப்புப் போட வேண்டும். வெள்ளம் வந்தால் முரசுமோட்டையிலும் கண்டாவளையிலும் ஒழுங்கைகளுக்குள் போய் ஆட்களை எடுத்துவர உதவுமாம். பழகுவதற்குப் பெயர் கேட்டார்கள். கையை உயர்த்தினேன். ஏன் உயர்த்தினேன் என்று இன்னும் எனக்குத் தெரியாது. வீட்டில் உன் தங்கச்சி வசந்தியிடம் கமக்காரர் கூட்டம் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

பழக்க வந்தவர் றெஜினா. முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர், முப்பது வயது இருக்கும். எங்களை வரிசையில் நிறுத்தி, எல்லோருடைய மிதவை ஜக்கெற் வாரையும் தானே இழுத்துப் பார்த்தார்.

"ஓடுறது பிறகு. முதல் கவிழப் பழகுங்கோ" என்றார்.

எங்களில் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, இதுக்கை முதலை கிடக்குமெல்லோ?"

"நீங்கள் போடுற சத்தத்துக்கு அது இப்ப மாங்குளம் தாண்டியிருக்கும், அண்ணை."

எல்லோரும் சிரித்தார்கள். நீ இருந்திருந்தால் அதற்கு மேலே இன்னொன்று சொல்லியிருப்பாய். எனக்குச் சிரிக்க வாய் வரவில்லை. "கவிழுங்கோ" என்று றெஜினா கத்தியபோது மற்றவர்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். என் இரண்டு கையும் படகின் விளிம்பைப் பிடித்தபடியே இருந்தன. கடைசியில் அவரே நீந்தி வந்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்று சொல்லி என்னைக் கவிழ்த்துவிட்டார்.

தண்ணீர் தலைக்கு மேலே மூடிய அந்தக் கணத்தில் எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை, மச்சான். வரும் என்றுதான் பயந்திருந்தேன். மேலே வந்து படகை நிமிர்த்தி ஏறப் பார்த்தபோதுதான் வந்தது. நான் கையை ஊன்றி எழும்ப, படகு புரண்டு என் மேலேயே விழுந்தது. மறுபடி ஏறினேன், மறுபடி புரண்டது.

"எழும்பப் பாக்காதைங்கோ. படுங்கோ. காலைத் தண்ணிக்கு மேல அடியுங்கோ. முதல் வயிறு, பிறகு குண்டி, கடைசியாக் கால்."

முன்பள்ளியில் படிப்பிக்கிற சுகந்தி ரீச்சர் அதைப் பாட்டாகவே பாடிக்கொண்டு ஏறிவிட்டா. நான் ஆறாவது தரம் ஏறினேன்.

பிறகு றெஜினா எங்கள் இருவரையும் ஒரே படகில் ஏற்றிக் கவிழ்த்தார். நானும் ரீச்சரும் மேலே வந்ததும் படகை நிமிர்த்தி, ஒரே பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒன்றாக ஏறப் பார்த்தோம். படகு உருண்டது. கரையில் நின்றவர்களைப் பார்த்து றெஜினா சொன்னார்: "பாத்தீங்களோ, எல்லாரும் முதல் விடுற பிழை இதுதான். ஒராள் எதிர்ப்பக்கம் போய்த் தொங்கவேணும். அப்பதான் மற்றாள் ஏறலாம். ஏறின ஆள் இஞ்சால சரிஞ்சு மற்றாளை இழுக்கலாம்."

நான் எதிர்ப்பக்கம் போய்த் தொங்கினேன். ரீச்சர் ஏறினா. பிறகு என்னை இழுத்தெடுத்தா. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மச்சான். எல்லோரும் கை தட்டினார்கள்.

எட்டு மாரிக்கு முன் நடந்தது உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்ப இருக்கிறேன்; அதில் வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்த மாரி அது. எங்கள் பசு வயல் வரம்பில் அகப்பட்டு நின்றது. பள்ளிக்கூடக் காலம் தொட்டு என் கூட்டாளியும், வசந்தியின் தமையனுமான நீ, இரவல் தோணி ஒன்றைக் கொண்டுவந்து "வாடா, கூட்டிக்கொண்டு வருவம்" என்றாய். தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்த வேலிக்கட்டை ஒன்றில் தட்டித் தோணி கவிழ்ந்தது. கீழே மண் எடுத்த பள்ளம். கால் எட்டவில்லை. இரண்டு பேரும் தோணியை நிமிர்த்தினோம், ஒரே பக்கத்தால் ஏறினோம், அது புரண்டது. மறுபடியும் நிமிர்த்தினோம். எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை.

முதலில் நீ பகிடி விட்டுச் சிரித்தாய். பிறகு "குளிருதடா" என்றாய். அதற்குப் பிறகு நீ சொன்னது ஒன்றுதான்.

"வசந்தியிட்டச் சொல்லாதை மச்சான், நான் பயந்தனான் எண்டு."

நான் சொல்லவில்லை. வெள்ளத்துக்குள் ட்ராக்ரரில் ஆள் எடுக்க வந்தவர்கள் என்னைத் தூக்கிக் கரையில் போட்டபோது, தோணி கவிழ்ந்த உடனேயே நீ போய்விட்டாய் என்று சொன்னேன். ஒரு பொய் சொன்னால் வேறு ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். பசு தானாக நீந்தி வந்து வளவுக்குள் நின்றது.

எதிர்ப்பக்கம் போய்த் தொங்கும் அந்தச் சின்ன வேலை அன்று எங்கள் இருவரில் ஒருவருக்காவது ஏன் தெரியாமல் போனது? நீ எத்தனை தண்ணீர் மோட்டரைக் கழற்றிப் பூட்டினவன், நான் எத்தனை வருடம் வயல் செய்தவன். குளத்தில் அன்று கை தட்டல் முடிந்ததும், தண்ணீருக்குள் பட்டுப்போன அடிமரங்கள் நிற்கிற பக்கம் கயாக்கைத் தள்ளிக்கொண்டு போய், அங்கே தனியே இருந்தேன். றெஜினா துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார்.

"அண்ணை, ஏதும் சுகமில்லையோ?"

"ஒண்டுமில்லை. தண்ணி மூக்குக்குள்ள போயிட்டுது."

வேறு யாரிடம் நான் என்ன சொல்ல? இதைச் சொல்லக்கூடிய ஓராள் நீதான்.

பழகப் போன மூன்றாவது ஞாயிறு வசந்தி என்னைப் பிடித்துவிட்டாள். கிணற்றடியில் என் உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது கூட்டத்துக்குப் போன காற்சட்டையே?"

குளத்துத் தண்ணீரின் மணம் அவளுக்குத் தெரியும். பதில் சொல்ல வாய் திறந்தேன். குளத்தில் பழகினதில் தொடங்கி, நீ கடைசியாகச் சொன்னது வரை வந்துவிட்டது. உன் சொல்லை மீறினேன். மன்னித்துக்கொள். குசினியில் கறி அடிப்பிடித்து மணந்தது. இரண்டு பேரும் போகவில்லை.

"எவ்வளவு நேரம் உயிரோட இருந்தவர்?"

"அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட."

"கதைச்சவரோ?"

"ஓம்."

அவள் கிணற்றுக் கட்டில் இருந்தாள். "அப்ப அண்ணா தனியப் போகேல்லை" என்றாள். பிறகு, "ஒருத்தரையும் கூப்பிடக்கூட நேரமில்லாமல் போயிட்டார் எண்டெல்லோ நான் எட்டு வருசமா நினைச்சனான். நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து மகளின் அறையில் படுக்கிறாள். உன் மருமகள் மட்டக்களப்பில் படிக்கிறாள்; லீவுக்கு மட்டும் வருவாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர், அதிலும் ஆளுக்கொரு அறை. தேத்தண்ணி மட்டும் நேரத்துக்கு மேசையில் இருக்கும். முதல் மூன்று நாளும் கதை இல்லை. நாலாம் நாள் தொடக்கம் ஒரு நாளைக்கு ஒரு கேள்வி கேட்கிறாள். அண்ணா செருப்புப் போட்டிருந்தவரோ? மழை பெய்துகொண்டிருந்ததோ? என்னைப் பற்றி வேற ஏதும் சொன்னவரோ? தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்கிறேன். பதிலைக் கேட்டுவிட்டு அறைக்குள் போய்விடுவாள். நான் விறாந்தைக் கதிரையில் இருந்து நாளைய கேள்விக்காகக் காத்திருப்பேன்.

ஒரு கேள்வியை அவள் இன்னும் கேட்கவில்லை. கடைசியில் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது என் வலது கை. நீ உதறிக்கொண்டு போகவில்லை. என் விரல் மரத்து, விரிந்துவிட்டது. அதை நான் உணர்ந்தேன். மறுபடி மடக்கப் பார்த்தேன், முடியவில்லை. இதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. இப்போதுதான், உனக்கு எழுதும்போதுதான், முதன்முதல் சொல்கிறேன்.

அவள் கேட்கும் நாள் வரட்டும் என்று இருந்துவிடலாம். கேட்காமலே விட்டுவிடவும் கூடும். ஆனால் மச்சான், இன்று உனக்கு ஒரு சொல் தருகிறேன். இந்தக் கடிதம் அச்சுக்குப் போகமுன், வேறு ஒரு கண் இதைப் பார்க்கமுன், கொண்டுபோய் உன் தங்கச்சியின் கையில் கொடுப்பேன். அவள் வாசித்து முடியும்வரை எழும்பிப் போகாமல் முன்னால் இருப்பேன்.

உன் தங்கச்சியைக் கட்டினவன்,
உன் மச்சான் குணம்
முரசுமோட்டை