வாய் கட்டிப் பொங்கியது

25.05.2007, வெள்ளி
மழை. ஞாயிறு அம்மனுக்கு வைகாசிப் பொங்கல். வாங்க: பச்சரிசி 10 கி., சர்க்கரை, தேங்காய் 12, வெள்ளைத் துணி. பொங்குகிறவள் வாயைக் கட்ட வேண்டும், படைத்து முடியும்வரை பேச்சில்லை. இந்த முறையும் ரதி அக்காதான். பத்து நாள் விரதம் இருந்தது அவர் மட்டும். நான் செவ்வாய் கோழி தின்றது ஊருக்கே தெரியும். அக்காவின் நேர்த்தி எப்போதும் ஒன்றுதான்: வவுனியாவில் விட்டுவந்த ஒரே மகன் இங்கே ஜெர்மனிக்கு வர வேண்டும். விசாவுக்குப் போட்ட அன்ட்ராக் இரண்டு தரம் நிராகரிப்பு. மூன்றாவது போட்டிருக்கிறார்.

முழங்கால் வலி.

26.05, சனி
காலையில் வவுனியாவிலிருந்து என் கணவரின் தம்பி ஃபோன். ரதி அக்காவின் மகன் நேற்று லொறியில் அடிபட்டு இறந்துவிட்டான். பத்தொன்பது வயது.

முதலில் நினைத்தது பொங்கலைத்தான். சாவுத் தீட்டு; துடக்குக்காரி பொங்க முடியாது. வேறு ஆளில்லை. ஹனோவரில் இருந்தெல்லாம் சனம் வருகிறது.

கோயில் ஐயரைக் கேட்டேன்.

"கேள்விப்பட்டாத்தான், பிள்ளை, துடக்கு. படைச்சு முடியட்டும், பிறகு சொல்லுவம்."

சமையலுக்கு வருகிற மற்றப் பெண்களுக்கும் விசயத்தைச் சொல்லி, அக்காவிடம் வாய் திறக்க வேண்டாம் என்றேன். ஒருத்தியும் மறுக்கவில்லை.

அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். "பயறு வறுத்திட்டியளோ அக்கா?"

"ஓம்."

27.05, ஞாயிறு
வெயில். அக்காவுக்குத் துணி கட்டிவிட்டது நான்தான். பின்னால் நின்று, முகம் பார்க்காமல். பால் கிழக்கே பொங்கியது, எல்லோரும் கும்பிட்டார்கள். அக்காவின் கண்ணில் தண்ணீர். புகை என்றேன் பக்கத்தில் நின்றவளிடம்.

பொங்கல் நல்ல ருசி. இரண்டு தரம் வாங்கினேன். அக்காதான் எல்லோருக்கும் போட்டார், குழந்தைகளுக்கும். தான் தொடவில்லை.

பானை கழுவும்போது சொல்லப் போனேன். "அக்கா, ஒரு விசயம்…"

"தெரியும். வெள்ளி பின்னேரமே தங்கச்சி ஃபோன் எடுத்திட்டாள்."

"தெரிஞ்சுகொண்டோ பொங்கினனீங்கள்?"

"ஆராவது ஒருத்தி வந்து என்னோட இருந்து அழுவாள் எண்டு பாத்தனான். நீ பயறைக் கேட்டனி." பானையைக் கவிழ்த்தார். "அம்மனுக்கு ஆர் பொங்கினது? என்ர பிள்ளைக்கு எல்லோ படைச்சனான். செத்தவீட்டுச் சோறு. எல்லாரும் வடிவாச் சாப்பிட்டனியள்."

28.05, திங்கள்
லீவு. வாந்தி எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. அக்கா வீட்டுக்குப் போகவில்லை. பயம்.

ஐயர் ஃபோன். "மருமகளுக்கு ஒன்பதாம் மாசம். மிஞ்சின பிரசாதத்தை அவளுக்குக் குடுக்கப்போறன். பிள்ளை சுகமாப் பிறக்கட்டும்."

உண்மையைச் சொன்னால் முதலில் என் தலைதான் உருளும்.

ஓம் ஐயா, குடுங்கோ என்றேன்.