கராத்தே வகுப்பில் கேள்வி கேட்ட அக்காவுக்கு

அக்கா,

சனிக்கிழமை ஜெனிக்குப் புது கராத்தே உடை வாங்கி வந்தேன். பழைய கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் கஞ்சி போட்ட புதுத் துணியின் வாசனை அறை முழுக்கப் பரவியது. நீங்கள் இருந்திருந்தால் அதை மூக்கருகே கொண்டுபோய், "இத்தினி கஞ்சி எதுக்குப் போடறான்?" என்று கேட்டிருப்பீர்கள். பதில் கிடைக்கும்வரை யாரையும் விட்டிருக்க மாட்டீர்கள். இத்தனை நாளில் எனக்கு அது தோன்றியதே இல்லை. உங்களுக்காக மாஸ்டரிடம் கேட்டேன். துணி விறைப்பாக இருந்தால் கையை வீசும்போது பட்டென்று சத்தம் வருமாம். வீச்சில் வேகம் இருந்ததா என்று பிள்ளைகளுக்கே காதில் தெரிந்துவிடுமாம். இதை உங்களிடம் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்களை முதன்முதலாகப் பார்த்ததும் ஒரு கேள்வி கேட்கும்போதுதான். கும்மிடிப்பூண்டி பஜாரில், நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்குப் பக்கத்துத் தெருவில், புதிதாக ஒரு கராத்தே வகுப்பு ஆரம்பித்திருந்தார்கள். என் மகன் தர்ஷனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நீங்கள் கம்பெனி கேன்டீன் வேலை முடிந்து, புடவையில் தாளிப்பு வாசனையோடு ஜெனியைக் கூட்டி வந்திருந்தீர்கள். பிள்ளைகள் உள்ளே போனதும் அந்த மாஸ்டர் ஷட்டரை இறக்கப் போனார். பெற்றோர் எல்லோரும் கிளம்பினோம். நீங்கள் மட்டும் நகரவில்லை.

"ஷட்டர எதுக்கு சார் இறக்குறீங்க?"

"பேரன்ட்ஸ் பாத்துக்கிட்டே இருந்தா பசங்களுக்குக் கவனம் சிதறும்மா."

"நான் சத்தம் போடாம ஒரு மூலைல குந்திகினு இருக்கறன் சார்."

"என் மேல நம்பிக்கை இல்லன்னா வேற இடம் பாத்துக்கோங்க."

நீங்கள் கோபப்படவில்லை. உள்ளே போய் ஜெனியின் கையைப் பிடித்தீர்கள், அவளுடைய செருப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தீர்கள். ஏன் என்று தெரியாமலே நானும் தர்ஷனைக் கூப்பிட்டுக்கொண்டேன். தெருமுனையில் டீ குடிக்கும்போது, "அந்த ஆளு தப்பானவரா அக்கா?" என்று கேட்டேன்.

"நல்லவராகூட இருக்கலாம்மா. ஆனா ஒரு சின்ன கேள்விக்கே பதில் சொல்ல மாட்டேங்கறாரு. அங்க எப்பிடி புள்ளைய வுட்டுட்டு வர்றது?"

அப்புறம் நாம் இருவரும் சேர்ந்தே தேடினோம். கடைசியில் கிடைத்தது ஒரு பள்ளி மைதானத்து ஓரம், நான்கு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை. அங்கே மாஸ்டர் ஓர் இளம்பெண். பகலில் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை, சாயங்காலம் வகுப்பு. நீங்கள் அவரைத் துளைத்தெடுத்தீர்கள். ஏன் கத்துகிறார்கள், ஏன் வெறுங்கால், கொலுசையும் செயினையும் ஏன் கழற்ற வேண்டும், நகம் வளர்ந்திருந்தால் ஏன் திருப்பி அனுப்புகிறீர்கள்? அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒரு கேள்விக்கு மட்டும், "தெரியலக்கா, எங்க மாஸ்டரக் கேட்டுட்டு சொல்றேன்" என்றார். உடனே நீங்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தீர்கள். தெரியாததைத் தெரியாது என்றாரே, அதுதான் உங்களுக்குப் போதுமாக இருந்தது.

என் கேள்விகள் வேறு மாதிரி. "தர்ஷன் ஓடு எப்ப உடைப்பான்?" என்று கேட்டேன். "எலும்பு வளர்ற வயசுங்க, இப்ப வேணாம்" என்றார். "கலர் பெல்ட் எப்பத் தருவீங்க?" என்றேன். "அவன் கால் தரையில ஒழுங்கா நிக்கட்டும், தர்றேன்" என்றார். நீங்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தீர்கள்.

திருவள்ளூரில் நடந்த போட்டி நினைவிருக்கிறதா? காலையில் ஊத்துக்கோட்டையில் பஸ் மாறும்போது பூரி சாப்பிட்டோம். கடைசிப் பூரிக்காக ஜெனியும் தர்ஷனும் அடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு ஜெனி அப்படி ஆடினாள்! இறுதிச் சுற்றிலும் அவள்தான் முன்னால் இருந்தாள். எதிரில் இருந்த பெண்ணின் கால் வீச்சில் நிலைதடுமாறி மல்லாந்து விழுந்தாள். பின்னந்தலை தரையில் மோதிய சத்தம் நம் இருக்கைவரை கேட்டது. அடுத்த நொடியே எழுந்து நின்றுவிட்டாள். நடுவர், "முடியுமா?" என்றார். தலையாட்டினாள். சுற்றியிருந்த பெற்றோர்கள், "விடாத, அடி, அடி!" என்று கத்தினார்கள். நானும்தான்.

நீங்கள் எழுந்து ஆடுகளத்தின் எல்லைக் கோடுவரை போனீர்கள்.

"ஜெனி, காத்தால இன்னா நாஷ்டா துன்ன?"

ஜெனி உங்களைப் பார்த்தாள். யோசித்தாள். இன்னும் யோசித்தாள். "நாஷ்டாவா... இட்லியா?"

"போதும் சார். என் பொண்ணு இதுக்கு மேல ஆடாது" என்றீர்கள். நம் மாஸ்டர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. அவரே நடுவரிடம் போய்ப் பேசினார். பின்னால் ஒருவர், "ஜெயிக்கப் போற நேரத்துல கூட்டினு போறாங்களே, இன்னா அம்மா இவங்க" என்றார். நீங்கள் திரும்பவில்லை. ஜெனி அழுது கத்தினாள். உங்கள் கையை நான் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவிலேயே ஜெனி வாந்தி எடுத்தாள். மூளை அதிர்ச்சி என்றார் டாக்டர். இன்னொரு அடி விழாமல் நிறுத்தியது நல்லதாகப் போயிற்று என்று சொல்லி, நன்றாகத் தேறும்வரை விளையாட்டே கூடாது என்றார்.

தலைவலி நின்ற பிறகும் ஜெனியின் கோபம் நிற்கவில்லை. ஒருநாள் என் எதிரிலேயே வெடித்தாள். "உனுக்கு இன்னா தெரியும் கராத்தேவப் பத்தி? குந்திகினு பாக்கத்தான தெரியும்?"

நானாக இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். நீங்களோ, "கரெக்ட்டுதான்" என்றீர்கள். அடுத்த வாரம் வெள்ளை உடையில், வெள்ளை பெல்ட்டோடு, சின்னப் பிள்ளைகள் வரிசையின் கடைசியில் போய் நின்றுவிட்டீர்கள். ஜெனி வெட்கத்தில் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். முதல் வகுப்பு முடிந்து, வேர்வை சொட்டச் சொட்ட என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள்.

"கத்துறது எதுக்குன்னு கேட்டேன்ல? கத்தும்போது மூச்சு வெளிய போவுதும்மா. அதுகூடவே பயமும் கொஞ்சம் போவுது. இன்னொன்னு. புள்ளைங்க வெளிய வந்ததும் ஜெயிச்சியா ஜெயிச்சியான்னு கேக்கறோமே, எம்மாம் பேஜாரு தெரியுமா அது? எனக்குக் கீழ வுழாம நின்னதே பெருசா இருக்குது."

அன்றிலிருந்து தர்ஷனிடம், "இன்னிக்குப் புதுசா என்ன வந்துச்சு?" என்று மட்டும்தான் கேட்கிறேன். முன்பெல்லாம் 'ஒண்ணுமில்ல' என்பவன், இப்போது வீடு வரும்வரை பேசிக்கொண்டே வருகிறான்.

அந்த மழைக்காலத்தில் உங்களுக்கு வந்த காய்ச்சல் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. மாத்திரை நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன வண்டியிலும் நான் இருந்தேன். நீங்கள் நர்ஸிடம் ஊசியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். திரும்பி வரவில்லை.

ஜெனி பல மாதம் மைதானத்துப் பக்கமே வரவில்லை. நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டாம், அவளே வருவாள் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். ஒருநாள் தர்ஷனோடு தானாகவே வந்து நின்றாள். இப்போது அவளையும் நான்தான் அழைத்துப் போகிறேன். போன வாரம் வழியில் கேட்டாள்.

"சித்தி, அன்னிக்கு கோட்டுகிட்ட வந்தப்போ அம்மா பயந்துச்சா?"

"ரொம்ப. கை ஐஸா இருந்துச்சு."

"ஆனா மூஞ்சில தெரியவே இல்ல" என்றாள்.

நானும் அவளிடம் ஒன்று கேட்டேன், அக்கா. உங்கள் மஞ்சள் பெல்ட் தேர்வில், வரிசை முழுக்க இடப்பக்கம் திரும்பியபோது நீங்கள் மட்டும் வலப்பக்கம் திரும்பினீர்கள். திரும்பியதும் சிரித்துவிட்டீர்கள். மாஸ்டர் முதலிலிருந்து செய்யச் சொல்லி, அப்புறம்தான் பெல்ட் கொடுத்தார். எதற்குச் சிரித்தீர்கள் என்று அன்றைக்கே உங்களிடம் கேட்டேன். "அப்பறமா சொல்றன்" என்று ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டீர்கள். எல்லாவற்றையும் கேட்ட நீங்கள் என்னுடைய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் போய்விட்டீர்கள்.

அதைத்தான் ஜெனியிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் நேற்று, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, எல்லோரும் இடப்பக்கம் திரும்ப, அவள் வேண்டுமென்றே வலப்பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் பெற்றோர் உட்காரும் பெஞ்சு. ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சித்தி! உன் கையப் பாரு!"

குனிந்து பார்த்தேன். உட்கார்ந்த இடத்திலேயே, இரண்டு கையும் முஷ்டியாக மடங்கி, வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் போலவே இடுப்போடு ஒட்டியிருந்தன. எத்தனை நாளாக அப்படி உட்கார்ந்திருக்கிறேனோ, தெரியாது. நீங்கள் அன்றைக்குப் பார்த்துச் சிரித்ததும் இதைத்தானா? பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு அந்த விரல்களைப் பிரிக்க மனமே வரவில்லை, அக்கா.