தடுப்பு இல்லாத கத்தி

செப்டம்பர் 9, செவ்வாய்

அம்மா இன்று புதுக் கத்தியை என் கையில் கொடுத்தாள். "இன்னிலேர்ந்து வீட்டுக் கத்தியைத் தொடக் கூடாது. வெளியில அடுப்பு மூட்டு, வெளியில நறுக்கு, வெளியிலயே சாப்பிடு. எது சரியில்லைன்னாலும் எங்கிட்ட வந்து சொல்லு," என்றாள்.

அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் எங்கள் எட்டாம் வகுப்புக்கு ஏரிக்கரை முகாம். வகுப்பில் எல்லோருக்கும் ஆளுக்கொரு கத்தி. எல்லாம் அம்மா செய்வது. முதியோர் இல்லத்து வேலையை விட்டுவிட்டுப் பட்டறை வைத்த பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர் இதுதான். அதனால்தான் சோதிக்க நான்.

எங்கள் ஆசிரியர் ஓஸ்மோ முதலில், கத்தியின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே விரல் தடுப்பு வைக்கச் சொல்லியிருந்தார். அம்மா சிரித்தே விட்டாள். "தடுப்பு மழலைப் பள்ளிக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க மானத்தை வாங்கச் சொல்றாரா?"

அவள் சொல்வது சரிதான். ஏழு வயதில் எனக்குக் கிடைத்த சிவப்புப் பிடிக் கத்தியில் தடுப்பு இருந்தது. பத்து வயதில் தடுப்பு இல்லாத பெரியவர்கள் கத்தி, பூக்கோ, கிடைத்த அன்று அதை இடுப்பில் கட்டிக்கொண்டே தூங்கினேன்.

புதுக் கத்தி அழகு. உருளைக்கிழங்கு, வெங்காயம், சாசேஜ் எல்லாம் பின்புற முற்றத்தில் நறுக்கி, இரும்புச் சட்டியில் வதக்கினேன். தக்காளித் தோலில் வைத்தவுடனே இறங்குகிறது.

செப்டம்பர் 11, வியாழன்

உறைந்த கலைமான் இறைச்சியைச் சீவினேன். தாள் மாதிரி வந்தது. பிர்ச் விறகில் சுருள் சுருளாகச் சீவித் தீ மூட்டினேன். வெண்ணெய் தடவ ஒரு மரக்குச்சி செதுக்கினேன். எதற்கும் சளைக்கவில்லை.

பிடி மட்டும் கண்ணாடி போல மினுங்குகிறது. எப்போதும் ஆளிவிதை எண்ணெய்தானே தேய்ப்பாய் என்று கேட்டேன். "முகாம்ல கண்டபடி அழுக்காக்குவீங்க. வார்னிஷ்னா அழுக்கு கழுவினதும் போயிடும். பார்க்கவும் கடைச்சாமான் மாதிரி இருக்கு இல்ல?" என்றாள். அவள் சந்தோஷமாக இருந்து பார்த்து ரொம்ப நாளாயிற்று.

செப்டம்பர் 12, வெள்ளி

வழுக்கிவிட்டது.

செப்டம்பர் 13, சனி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இந்த வீட்டில் சுவர் என்பது பேருக்குத்தான். பக்கம் திருப்பும் சத்தம் கேட்டாலே அம்மா "இன்னும் தூங்கலையா?" என்பாள். இப்போது போர்வைக்குள் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்று மாலை ஏரிப் படித்துறையில் சீகா மீன் சுத்தம் செய்தேன். தண்ணீர் அப்படிக் குளிர்ந்தது, விரல்கள் யாருடையவோ போல ஆகிவிட்டன. செவுளுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் முனை மாட்டியது. அழுத்தினேன். கத்தி நகரவில்லை. என் கைதான் நகர்ந்தது. மீன் வழுவழுப்பில் உள்ளங்கை பிடியிலிருந்து நழுவி முன்னால் போனது. அலகின் மேல். ஒரு நொடிதான். கையை எடுத்துவிட்டேன். சுண்டு விரலில் மட்டும் வெட்டு. தண்ணீரில் கலந்த ரத்தத்தில் எது மீனுடையது, எது என்னுடையது என்று தெரியவில்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால்?

இன்று காலை காபி குடிக்கும்போது அம்மாவிடம் சொன்னேன். கோப்பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"கையை எங்க வெச்சிருந்த?"

"பிடியிலதான்."

"பிடியில வெச்சிருந்தா அலகுக்கு எப்படிப் போகும்? நடந்தா போச்சு?"

பிறகு உருளைக்கிழங்கை எடுத்து வைத்து, "இங்க என் முன்னாடி பிடி, பார்க்கலாம்," என்றாள். பிடித்தேன். நறுக்கினேன். வழுக்கவில்லை. சமையலறை வெதுவெதுப்பாக இருந்தது, கை காய்ந்திருந்தது. அவளும் நறுக்கிப் பார்த்தாள். கட்டை ஒன்றைச் செதுக்கிப் பார்த்தாள். கத்தி அவள் சொன்னபடியெல்லாம் கேட்டது.

"பயந்த கைதான் வழுக்கும், சைமி," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பயந்ததால் வழுக்கியதா, வழுக்கியதால் பயமா?

அம்மா கடைக்குப் போன நேரத்தில் கத்தியை எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போனேன். அலகைச் சாக்குத்துணியால் தடிமனாகச் சுற்றி, மேலே டேப் ஒட்டினேன். துணியோடு அடிமரத்து வெடிப்பில் செருகி, பிடியைப் பிடித்து முன்பக்கமாகத் தள்ளினேன். காய்ந்த கை: ஒன்றுமில்லை. நனைந்த கை: கொஞ்சம் நகர்ந்தது. பிறகு கை மரத்துப் போகும் வரை ஏரியில் வைத்திருந்து, முந்தாநாள் மீன் தலையை உள்ளங்கையில் தேய்த்துத் தள்ளினேன்.

துணி மேல் போய் நின்றது என் கை. திரும்பச் செய்தேன். திரும்பவும் துணி மேல்.

என்னுடைய பழைய பூக்கோவையும் அதே மாதிரி செய்து பார்த்தேன். எண்ணெய் குடித்த பிடி. மீன் வழுவழுப்பிலும் விரலை விடவில்லை.

அப்படியென்றால் நான் இல்லை. பிடிதான். இது தெரிந்ததும் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இப்போதுதான் நிஜமாகவே பயமாக இருக்கிறது. வகுப்பு முழுக்க இதே பிடி.

செப்டம்பர் 16, செவ்வாய்

பட்டறைக்குப் போனேன். உறைகளுக்குத் தோல் தைத்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். "அம்மா, மீனுக்கு மட்டும்..." என்று ஆரம்பித்தேன்.

"திரும்பவும் அதேயா? எல்லாத்துக்கும் வார்னிஷ் அடிச்சுக் காய வெச்சாச்சு, சைமி. ஓஸ்மோகிட்ட தடுப்பு வேண்டாம்னு அத்தனை பேர் முன்னாடி பேசியிருக்கேன். இப்பப் போய் என்ன சொல்லச் சொல்ற? என் பொண்ணுக்குக் கத்தி பிடிக்கத் தெரியலைன்னா?"

சாக்குத்துணிச் சோதனையைச் சொல்லாமலே வந்துவிட்டேன். நான் ஏன் இப்படி இருக்கிறேன்? வாய் இருக்கிறது, நாக்கு இருக்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

அம்மா பெட்டியோடு பள்ளிக்கு வந்தாள். தலையை வாரி, நல்ல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. பையன்கள் கத்திகளை உருவி உருவிப் பார்த்தார்கள். ஜோனி, "இதுல மூஞ்சியே தெரியுது, ஷேவ் பண்ணிக்கலாம் போல," என்றான். "முதல்ல தாடி முளைக்கட்டும்டா," என்றாள் என் தோழி எல்லெ. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும்.

அப்போது ஓஸ்மோ என் பக்கம் திரும்பினார். "சைமி, நீதானே சோதிச்சது? எப்படி இருக்கு?"

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெட்டும்," என்றேன்.

பொய் இல்லை. ஆனால் வழுக்கும் என்பதைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 22, திங்கள். முகாம்

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். உறக்கப் பைக்குள் தலைவரை நுழைந்துகொண்டு எழுதுகிறேன்.

இன்று ஒன்றும் ஆகவில்லை. சாசேஜ், ரொட்டி, காய்கறிச் சூப். யாருக்கும் கீறல்கூட இல்லை. ஜோனி பெரிய காரட்டை ஒரே இழுப்பில் இரண்டாக்கி, "சைமி, உங்கம்மாவுக்குக் கோயிலே கட்டலாம்," என்றான். ஒருவேளை அம்மா சொன்னதுதான் சரியோ என்று மதியம் வரை நினைத்தேன்.

மதியம் ஏதோ தேடும்போது என் காலணிக்குள்ளிருந்து சிவப்புக் கத்தி விழுந்தது. தடுப்பு வைத்த என் சின்னவயதுக் கத்தி. யாருக்கும் தெரியாமல் கொண்டு வந்திருந்தேன். எல்லெ பார்த்துவிட்டாள்.

"ஐயோ, பாப்பாக் கத்தி! பால் பாட்டிலும் கொண்டாந்திருக்கியா?"

"சும்மா இருடி."

"எதுக்குடி இது? உங்கம்மா பார்த்தா உன்னைத் தொலைச்சிடுவாங்க."

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். அவள் நல்லவள், யாரிடமும் சொல்ல மாட்டாள். சொல்லவில்லை.

நாளைக் காலை வலை எடுக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு சீகா, அவரவர் மீனை அவரவர் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஓஸ்மோ சொன்னார். இரவெல்லாம் பனி விழுகிறது. தண்ணீர் அன்றைக்கு இருந்ததைவிடக் குளிராக இருக்கும்.

எல்லெ பக்கத்தில் படுத்திருக்கிறாள். வலது கை பைக்கு வெளியே கிடக்கிறது. அக்கார்டியன் வாசிக்கிற கை. அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சொன்னால் அம்மாவின் பட்டறை போச்சு. சொல்லாவிட்டால்?

செப்டம்பர் 23, செவ்வாய்

மீன் வந்தது. பலகை போட்டுக் கரையில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். ஸ்வெட்டர் கைகளை மடித்துவிட்டு, மூக்கு சிவந்து, ஒருவரையொருவர் செதிலால் அடித்துக்கொண்டு. நானும் நின்றேன். இன்னும் சொல்லவில்லை. ஓஸ்மோ எப்படிக் கீற வேண்டும் என்று காட்டினார், அவருடைய பழைய கத்தியால்.

எல்லெ முதலாவதாகக் குத்தினாள். வயிற்றைக் கீறி, மேலே, செவுள் வரை. அந்த எலும்பில் நின்றது. அவள் தோள் உயர்ந்தது, அழுத்தப் போகிறாள் —

அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையாலும்.

"ஏய்! பைத்தியமா உனக்கு?"

"கத்தியைக் கீழ வை. எல்லாரும் கீழ வைங்க."

குரல் கீச்சென்று வந்தது. ஜோனி சிரித்தான். ஓஸ்மோ சிரிக்கவில்லை. அருகில் வந்து தணிந்த குரலில் கேட்டார்: "நீதானே சோதிச்சே? வெட்டும்னு சொன்னே."

"வெட்டும். எங்களையும் வெட்டும்."

எல்லாவற்றையும் சொன்னேன். எலும்பு, வழுவழுப்பு, சாக்குத்துணி, வார்னிஷ். சுண்டு விரலைக் காட்டினேன். அவர் என் கையையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரும் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டு, போன் பேசச் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போனார். நான் பலகையில் உட்கார்ந்தேன்.

கெட்டிலில் இரண்டாவது காபி கொதிக்கும் முன் அம்மாவின் வண்டி வந்தது. இறங்கியவள் என்னைப் பார்க்கவில்லை. ஸ்வெட்டர் கையை மடித்துக்கொண்டு, பலகையிலிருந்து ஒரு கத்தியை எடுத்தாள். சமையலறையில் செய்தது போலக் காய்ந்த கையோடு செய்யப் போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. நேராக ஏரிக்குப் போய் இரண்டு கைகளையும் தண்ணீரில் வைத்தாள். நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வந்து மீனை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டாள்.

முதல் மீன். சுத்தமாக வந்தது. இரண்டாவதும். "ஒண்ணும் ஆகலையே," என்று ஜோனி முணுமுணுத்தான். எல்லெ அவன் காலை மிதித்தாள். எனக்கு முகம் எரிந்தது. வழுக்க வேண்டும் என்றும் வேண்டினேன், வழுக்கக் கூடாது என்றும் வேண்டினேன். அது அம்மாவின் கை.

மூன்றாவது பெரியது. செவுளுக்குப் பின்னால் முனை நின்றது. அழுத்தினாள்.

கை ஒரு நூல் முன்னால் நழுவியது; அவள் தோள் சட்டென்று உறைந்தது. வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மெதுவாகக் கத்தியைப் பலகையில் வைத்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ரத்தம் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஓஸ்மோ," என்றாள், "பெட்டி எங்க?"

எல்லாக் கத்திகளையும் அவளே திரும்ப வாங்கினாள். ஒவ்வொன்றையும் துடைத்து உறையில் போட்டுப் பெட்டியில் அடுக்கினாள். போகிற வழியில் என் முன் நின்றாள். "கையைக் காட்டு." காட்டினேன். சுண்டு விரலைப் பிடித்து, தழும்பைக் கட்டை விரலால் ஒருமுறை தடவினாள். விட்டுவிட்டுப் போய் வண்டியில் ஏறினாள்.

எல்லெ இன்று முழுக்க என்னோடு பேசவில்லை. படுக்கும்போது மட்டும், "நேத்தே சொல்லியிருக்கலாம்ல, கழுதை," என்றாள். பிறகு என் உறக்கப் பையின் ஜிப்பை மேலே வரை இழுத்துவிட்டாள்.

செப்டம்பர் 25, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா சூப் ஊற்றினாள். உப்பு வேணுமா என்று கேட்டாள். அவ்வளவுதான் பேச்சு.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்னும் பேசவில்லை. பட்டறைக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கிறது. ஓஸ்மோ வந்து போனார். வாசலில் நின்று என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஆர்டரை ரத்து செய்யத்தான் வந்திருப்பார். வேறு எதற்கு?

என் முகாம் பையில் சிவப்புக் கத்தியைக் காணோம். கரையில் விட்டுவிட்டேனோ?

அக்டோபர் 4, சனி

காலையில் பட்டறைக் கதவு திறந்திருந்தது. தரையெல்லாம் சுரண்டிய வார்னிஷ், மீன் செதில் கொட்டினாற்போல. மேசை மேல் கத்திகள் வரிசையாக, பிடிகள் வெறும் மரமாக, மங்கலாக. மேசை ஓர இரும்பு இடுக்கியில் என் சிவப்புக் கத்தி மாட்டியிருந்தது. அம்மா அதன் தடுப்பை அளந்து அட்டையில் வரைந்துகொண்டிருந்தாள்.

நான் வாசலிலேயே நின்றேன். அவள் நிமிரவில்லை.

"வசந்தத்துல ஏழாம் வகுப்புக்கும் முகாம் இருக்காம். ஓஸ்மோ சொன்னாரு. யோசிச்சுட்டுச் சொல்றேன்னேன்," என்றாள். அட்டையில் இன்னொரு கோடு இழுத்துவிட்டு, "யோசிச்சுட்டேன்."

கதவருகே வாளியில் இரண்டு சீகா கிடந்தன. தண்ணீரில் பனிக்கட்டி மிதந்தது.

மேசையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து நீட்டினாள். எண்ணெய் தேய்த்த பிடி. முன்பக்கம், சுட்டு விரல் நிற்கும் இடத்தில், மரத்திலேயே ஒரு சின்ன மேடு. பார்த்தால் தடுப்பு என்று தெரியாது. விரலுக்குத் தெரியும்.

"முதல்ல கையை நனை," என்றாள்.

நனைத்தேன். பிடியைத் தொட்டுப் பார்த்தேன், இறுக்கிப் பிடிக்கவில்லை.

"பயமா இருக்கா?"

"ஆமா."

"சரி. அப்ப நீதான் சோதிக்கணும்."

இப்போது மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். போர்வை இல்லை, கதவு திறந்திருக்கிறது. பட்டறையிலிருந்து வந்த அம்மா அடுத்த அறையில் உப்புத்தாளால் இன்னொரு பிடியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். சற்று முன் சத்தம் நின்றது.

"இன்னும் தூங்கலையா?"

"எழுதிட்டிருக்கேன்."

திரும்பவும் தேய்க்க ஆரம்பித்தாள்.